முப்பத்தேழாம் வண்டியின் உடல்நலம்

பரமக்குடிப் புறப்பாட்டு மேடையில் காலை ஐந்தரை மணிக்கு ஓட்டுநர்கள் வரிசையில் நின்று ஒரு பெரிய புத்தகத்தில் மூன்று கட்டங்களை நிரப்புவார்கள். தங்கள் பெயர், வண்டியின் எண், திரும்பி வராவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது. எழுதியதும் பேனாவை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, முந்தின நாள் கபடி ஆட்டத்தைப் பற்றிப் பேசியபடி டீக்கடைக்கு நகர்ந்துவிடுவார்கள். மூன்றாவது கட்டத்தை யோசித்து எழுதியவர் யாருமில்லை. கோட்டைச்சாமி ஒன்பது வருடம் அதில் ‘மங்களேஸ்வரி’ என்று எழுதினார். கடைசி இரண்டு வருடம் ‘மங்’ என்று மட்டும் எழுதி ஒரு கோடு இழுத்திருந்தார்.

அது இருபத்திரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம். ராமநாதபுரம் சீமையில் கோடைப் பகல் ஐம்பத்தாறு பாகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டில் மின்கல வண்டிகள் உப்பி வெடித்ததால், என்றோ கைவிட்ட எஞ்சினை மக்கள் மறுபடி எடுத்துக்கொண்டார்கள். எரிபொருளுக்குப் பஞ்சமில்லை. எத்தனை முறை வெட்டினாலும் முளைக்கும் சீமைக்கருவேலத்திலிருந்து எரிசாறு வடித்தார்கள். எஞ்சின் வண்டியை இழுத்தது. உள்ளே குளிரூட்டி, இருப்பவரை உயிரோடும் வைத்திருந்தது. அது நின்றுபோனால் வண்டியின் சுவர்களில் சேமித்த இருப்புக்குளிர் நாற்பது நிமிடம் தாங்கும். எந்த இடத்துக்கும் நாற்பது நிமிடத்தில் மீட்பு வண்டி வந்துவிடும் என்று சென்னையில் கணித்திருந்தார்கள். கணித்தவர்கள் சாயல்குடிச் சாலையைப் பார்த்ததில்லை.

ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு பொறிமனம் இருந்தது. எஞ்சினின் சத்தம், சூடு, எண்ணெய், புகை எல்லாவற்றையும் அது கவனிக்கும். கோளாறு கண்டால் மஞ்சள் விளக்கைப் போட்டுப் பெண்குரலில் எச்சரிக்கும். பயணத்துக்குப் பயணம் கற்றும்கொள்ளும்: தான் என்ன சொன்னது, ஓட்டுநர் என்ன செய்தார், பிறகு என்ன ஆயிற்று. பொறிமனம் தானே முறையிடாத எஞ்சினை எந்த மனிதரும் திறக்கக் கூடாது என்பது சட்டம். அரைகுறையாகத் தெரிந்தவர்கள் ஆளாளுக்குக் கைவைத்து, வழியில் வண்டிகள் நின்று பலர் இறந்த காலத்தில் போட்ட சட்டம் அது. அன்றைக்கு அது நல்ல சட்டமாகத்தான் இருந்தது.

கோட்டைச்சாமி ஓட்டிய முப்பத்தேழாம் எண் மருந்து வண்டி, சித்திரை மாதத்தில் ஒரு முற்பகலில், கமுதியைத் தாண்டி நின்றுபோனது. மீட்பு வண்டி போய்ச்சேர ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று.

வண்டியை இழுத்து வந்து கொட்டகையில் ஆறவிட்டார்கள். வழக்கப்படி குளிர்நீர் நிரப்பிச் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஓடியது. பொறிமனம் “நலம்” என்றது. ஓட்டுநர் தவறுதலாக எஞ்சினை அணைத்திருக்கலாம் என்று விசாரணைக் குறிப்பில் எழுதினார்கள். மூன்று வாரத்தில் வண்டியைக் கழுவி, வரும் திங்கட்கிழமை முதல் அதே வழியில் ஓடும் என்று பலகையில் போட்டார்கள். ஓட்டப்போவது கோட்டைச்சாமியின் மகள் தமயந்தி. அவள் கேட்டு வாங்கிய வேலை.

“வண்டி நல்லாருக்குன்னு சொல்லுதும்மா,” என்றாள் தமயந்தி. “அப்பா ஓட்டுன வண்டிய வேற ஒரு ஆள் ஓட்டுறத என்னால பாக்க முடியாது.”

“நீ ஓட்டு. நான் வேணாங்கல,” என்றாள் மங்களேஸ்வரி. “ஆனா ஒரு ஆள் அதத் தொறந்து பாத்த பெறகு ஓட்டு.”

அன்று செவ்வாய்க்கிழமை.

மங்களேஸ்வரி பார்வையற்றோர் நூலகத்துக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்பவள். இருபது வருடமாகக் குரல்களோடு புழங்கியவளுக்குக் கேட்டது மறப்பதில்லை. வண்டி நின்றுபோன அன்று, சற்று முன்னால் கணவர் தொலைபேசியில் சொன்ன ஒரு வாக்கியம் அவளிடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மீரான்கனியின் பட்டறைக்குப் போனாள். பரமக்குடியில் எஞ்சின் திறக்க உரிமம் பெற்ற மூன்று பேரில் அவனும் ஒருவன்.

“பாகு வாசமா?” என்றான் மீரான்கனி. “நல்லா யோசிச்சுச் சொல்லுங்கக்கா. கருகுன வாசமா, இனிச்ச வாசமா?”

“இனிச்ச வாசம். ‘யாரோ அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுற மாதிரி மணக்குது, வெளிய பாத்தா ஈ காக்கா இல்ல’ன்னு சிரிச்சாக.”

மீரான்கனி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். “குளிர்நீருக்கா அது. எஞ்சினச் சுத்தி ஓடுற தண்ணில ஒரு மருந்து கலந்திருக்கும், அது இனிச்சு மணக்கும். வண்டிக்குள்ள மணந்தா எங்கிட்டோ ஒழுகுதுன்னு அர்த்தம். பின்னாடி வெள்ளப் புகை வந்துச்சா?”

“கமுதி வரைக்கும் பின்னால வந்த உப்பு லாரிக்காரர் பாத்திருக்காரு. புகையா தூசியான்னு தெரியலங்குறாரு.”

“இழுவை?”

“ஒரு வாரமா மேட்டுல ஏறுறப்ப மொனகுதுன்னாக.”

“ஹெட் கேஸ்கெட் போயிருச்சு,” என்றான் அவன், கண்ணால் பார்த்தவனைப் போல. “எஞ்சினோட தலைக்கும் ஒடம்புக்கும் நடுவுல ஒரு தகடு. அது பொத்துச்சுன்னா தண்ணி எண்ணெய்க்குள்ள போகும். எண்ணெய் மோர் மாதிரி வெளுத்துரும். தண்ணிய ஊத்தி ஊத்தி நாலு நாள் ஓட்டலாம், அஞ்சாம் நாள் நின்னுரும். ஆறவிட்டுத் தண்ணி ஊத்துனா மறுபடி ஓடும், ஒண்ணுமே நடக்காத மாதிரி.”

“அதத்தான் செஞ்சாங்க. ஓடிருச்சு.”

“அப்ப அந்தப் புள்ளைய எடுக்க விடாதீங்க. இது வீட்ல வச்சு ஒட்டுப்போடுற வேல இல்ல. தலையக் கழட்டணும், மட்டம் பாக்கணும், வளஞ்சிருந்தா சீவணும். பட்டறைக்குத்தான் வரணும்.”

“நீயே வந்து தொறந்து பாரேன்.”

“வண்டி வாயத் தொறந்து ‘எனக்கு முடியல’ன்னு சொல்லாம நான் ஒரு போல்ட்டத் தொட்டாலும் லைசென்ஸ் போயிரும்க்கா. டாக்டருன்னா செத்த ஒடம்பயாவது அறுத்துப் பாக்கலாம். என் பட்டறையில நோயாளியே வந்து சீட்டு வாங்கணும்.”

போக்குவரத்துச் சங்க அதிகாரி நயினாரிடம் அன்று மாலையே மனு கொடுத்தாள். அவர் கெட்டவர் அல்லர். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் பேசினார்.

“ஒங்க வருத்தம் புரியுதும்மா. ஆனா வண்டியே நலம்னு சொல்லுது. வண்டியப் பத்தி வண்டிய விடத் தெரிஞ்சவுக யாரு?”

“ஓட்டுனவுக.”

“அவருதான் இல்லையே,” என்று சொல்லிவிட்டு நயினார் உதட்டைக் கடித்துக்கொண்டார். சொன்னதை ஈடுகட்டுவது போலச் சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். இறந்தவரின் குடும்பத்தார் வண்டியின் குரல்பதிவைக் கேட்கலாம். அதில் பிழை இருந்தால் திருத்தம் கொடுக்கலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. அதுவரை ஒருவரும் அதைப் பயன்படுத்தியதில்லை.

“நாலு வருசப் பதிவு இருக்கும்மா. கேட்டு முடிக்கவே நாளாகும். திங்கக்கெழமைக்குள்ள எப்படி?”

“நாளைக்குக் காலைல எத்தனை மணிக்குத் தொறப்பீங்க?” என்று கேட்டாள்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் காலை முதல் மாலை வரை சங்க அலுவலகத்தின் பதிவறையில் மங்களேஸ்வரி இருந்தாள். கணவரின் குரலைக் கேட்பது அவளுக்கு எளிதாக இருந்திருக்காது. ஆனால் அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை. மடியில் ஒரு நோட்டு வைத்து, ஒவ்வொரு எச்சரிக்கையையும் தேதியோடு எழுதிக்கொண்டிருந்தாள்.

“எண்ணெய் அழுத்தம் குறைவு. பழுதுநிலையம் செல்லவும்,” என்றது வண்டி.

“பாத்துக்கலாம்,” என்றார் கோட்டைச்சாமி.

“எஞ்சினில் தட்டும் ஒலி. பழுதுநிலையம் செல்லவும்.”

“பாத்துக்கலாம், பாத்துக்கலாம்.”

“புகையின் நிறம் மாறியுள்ளது.”

“ஒனக்கு வேற வேலயே இல்லையா? பாத்துக்கலாம்னு சொல்றேன்ல.”

ஒவ்வொரு முறையும் கொட்டகைக்குத் திரும்பியதும் வண்டி, “வீடு வந்தது. எச்சரிக்கை நீங்கியது” என்று முடித்தது. முதலில் மஞ்சள் விளக்கு அணைய முழு நாள் ஆயிற்று. ஆறு மாதத்தில் ஒரு மணி நேரமாயிற்று. மூன்றாம் வருடத்தில் அவர் அந்தச் சொல்லைச் சொன்ன நொடியிலேயே விளக்கு அணைந்தது. நான்காம் வருடத்தில் விளக்கு எரிவதே அபூர்வமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் அவளுக்கு விளங்கியது. கற்றுக்கொள்ளும் இயந்திரம் அது. கோளாறு என்று அது சொல்லியிருக்கிறது. ஓட்டுநர் ஒரு சொல்லைச் சொல்லியிருக்கிறார். வண்டி வீடு வந்திருக்கிறது. இருநூற்றுப் பத்து முறை இதே வரிசை. பழுதுநிலையத்துக்குப் போனது மொத்தமே நான்கு முறை. அந்தக் கணக்கிலிருந்து எந்த மாணவனும் எடுக்கும் முடிவைத்தான் பொறிமனமும் எடுத்தது: எஞ்சின் கோளாறுகளுக்கெல்லாம் மருந்து அந்தச் சொல்.

கடைசிப் பதிவில் கோட்டைச்சாமிக்கே சந்தேகம் வந்திருந்தது. அவளிடம் பாகு வாசத்தைச் சொல்லிச் சிரித்து, தொலைபேசியை வைத்த பிறகு, தாழ்ந்த குரலில் வண்டியிடம் கேட்டிருந்தார். “என்னத்தா, சூடு ஏறுதா? பட்டறைக்குத் திருப்பவா?”

சற்று அமைதி. பொறிமனம் தான் கற்றதில் தேடியிருக்க வேண்டும்.

“பாத்துக்கலாம்,” என்றது வண்டி.

இருபது வருடம் குரல்களோடு இருந்தவள் அதை இன்னொரு முறை போட்டுக் கேட்டாள். அதே பெண்குரல்தான். ஆனால் முதலெழுத்தைக் கொஞ்சம் இழுத்து, கடைசியைச் சிரிப்பில் நழுவவிடும் அந்த ராகம் அவள் கணவருடையது.

அதற்குப் பதினொரு நிமிடம் கழித்து எஞ்சின் நின்றது. மீதிப் பதிவையும் அவள் முழுவதும் கேட்டாள். அதில் என்ன இருந்தது என்பதை மகளிடம்கூடச் சொல்லவில்லை. எல்லாம் ஓய்ந்த பிறகு, மீட்பு வண்டி இழுத்துக்கொண்டு வந்து கொட்டகையில் விட்ட நேரத்தில், முப்பத்தேழாம் எண் வழக்கமான வாக்கியத்தைச் சொல்லியிருந்தது. “வீடு வந்தது. எச்சரிக்கை நீங்கியது.”

மருந்து இருநூற்றுப் பதினொன்றாவது முறையும் பலித்துவிட்டது என்று அது எழுதிக்கொண்டது.

நயினார் சனிக்கிழமை காலை அந்தப் பதிவுகளைக் கேட்டார். நோட்டைக் கடைசியிலிருந்து முன்பக்கம் வரை புரட்டி, முதல் பதிவைப் போடச் சொன்னார். மங்களேஸ்வரி போட்டாள்.

“குளிர்நீர் குறைவு. பழுதுநிலையம் செல்லவும்,” என்றது நான்கு வருடத்துக்கு முந்திய வண்டி.

“ஏத்தா, வண்டி ஏதோ சொல்லுது,” என்று கோட்டைச்சாமி தொலைபேசியில் பேசினார். “பட்டறைக்குப் போயிட்டு வந்தா ரெண்டு மணி நேரமாகும்.”

“புள்ளைக்கு லைசென்ஸ் வந்துருக்கு. கேசரி கிண்டி வச்சுட்டு ஒக்காந்திருக்கோம்,” என்றது ஒரு பெண்குரல். “அத அப்பறம் பாத்துக்கலாம், வாங்க.”

“கேட்டுக்கிட்டியா?” என்று கோட்டைச்சாமி வண்டியிடம் சிரித்தார். “பாத்துக்கலாமாம்.”

நயினார் நோட்டை மூடி வைத்தார். “இந்த மொதப் பதிவ விட்டுரலாம்மா. மத்ததே போதும்.”

“வேணாம் சார். அதுலதான் அது கத்துக்கிச்சு. அதையும் எழுதுங்க. எம் பேரையும் எழுதுங்க.”

திருத்தத்தை வண்டிக்குள் உட்கார்ந்து குரலாகவே கொடுக்க வேண்டும். அன்று நண்பகலுக்கு முன் மங்களேஸ்வரி முப்பத்தேழாம் எண்ணின் முன்னிருக்கையில் ஏறினாள். தமயந்தி பக்கத்தில் அமர்ந்தாள். நயினாரும் மீரான்கனியும் திறந்த கதவருகே நின்றார்கள்.

“நலமா?” என்று தமயந்தி கேட்டாள்.

“நலம்,” என்றது வண்டி.

மங்களேஸ்வரி நூலகத்துக்கு வாசிக்கும் குரலில் தேதியையும் பயண எண்ணையும் சொன்னாள். “முடிவில் பிழை. வண்டி வீடு வந்தது. ஓட்டுநர் வரவில்லை.”

 பொறிமனத்தின் நான்கு வருடக் கல்வியில் ஓட்டுநர் என்பவர் எண்ணப்பட்டதே இல்லை. வண்டி வந்தால் அவரும் வந்துவிடுவார் என்றுதான் அதைச் செய்தவர்கள் நினைத்திருந்தார்கள். இப்போது அது இருநூற்றுப் பதினொரு பயணங்களையும் திரும்ப எண்ணியது. ஒரு மரணத்தை அந்தப் பட்டியலில் வைத்ததும் தராசு சாய்ந்தது.

மஞ்சள் விளக்கு எரிந்தது.

“குளிர்நீர் எண்ணெயில் கலந்துள்ளது. தலைத்தகடு பழுது. எண்ணெய் அழுத்தம் குறைவு. இரண்டாம் உருளையில் தட்டும் ஒலி. நான் நலமாக இல்லை. பழுதுநிலையம் செல்லவும்.”

மீரான்கனி எண்ணெய்க்கோலை உருவி வெயிலில் நீட்டினான். நுனியில் வெளுத்த நுரை இருந்தது. “மோரு,” என்றான் தமயந்தியிடம். அவள் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்பாவின் வண்டியைப் பற்றி அதன் பிறகு அவள் எதுவும் வாதாடவில்லை.

பொறிமனங்கள் தாங்கள் கற்ற பாடத்தை ஒன்றோடொன்று பகிர்ந்துகொள்பவை. அன்று மாலைக்குள் சங்கத்தின் அறுபத்திரண்டு வண்டிகளில் நாற்பத்தைந்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. தேய்ந்த பெல்ட்டுகள், கசியும் எண்ணெய், அடைத்த குழாய்கள் எல்லாம் வருடக்கணக்கில் வாயை மூடிக்கொண்டிருந்தவை. திங்கட்கிழமை அந்த நாற்பத்தைந்தில் ஒன்றும் புறப்படவில்லை. மீரான்கனியின் பட்டறை வாசலில் வரிசை வைகைப் பாலம் வரை நின்றது. முதலில் நின்றது முப்பத்தேழு. தலையைக் கழற்றினான். தகடு ஒரு விரல் நீளத்துக்குப் பொத்திருந்தது.

முதல் மூன்று நாள் ஊர் மங்களேஸ்வரியைக் கையெடுத்துக் கும்பிட்டது. நான்காம் நாள், பட்டறை வரிசை எப்போது குறையும் என்று கேட்டது. ஐந்தாம் நாள் காய்கறி வரவில்லை என்றது.

அவள் வற்புறுத்தலால் நயினார் முழு அறிக்கையையும் புறப்பாட்டு மேடையில் ஒட்டியிருந்தார். எந்தச் சொல்லால் விளக்கு அணைந்தது, எத்தனை முறை அணைந்தது, அதனால் என்ன ஆயிற்று என்று அதில் விவரமாக இருந்தது. ஓட்டுநர்கள் கூட்டமாக நின்று வாசித்தார்கள். ஆறாம் நாள் காலை, பதினான்காம் எண் ஓட்டுநர் சேதுராசு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, வண்டியிடம் அந்தச் சொல்லைச் சொன்னார்.

விளக்கு அணையவில்லை. ஒரு மரணம் இன்னும் கனமாகத்தான் இருந்தது. அவர் விளக்கோடே ஓட்டிப் போய்விட்டுத் திரும்பினார். “வண்டி வீடு வந்தது. ஓட்டுநரும் வீடு வந்தார்,” என்று பொறிமனம் எழுதிக்கொண்டது. மங்களேஸ்வரியின் திருத்தத்துக்குப் பிறகு அது ஓட்டுநரையும் ஒழுங்காக எண்ணத் தொடங்கியிருந்தது. மறுநாள் பத்துப் பேர் அதே போலச் செய்தார்கள். அதற்கு மறுநாள் முப்பது பேர். எல்லாரும் வீடு வந்தார்கள். எல்லாம் எழுதப்பட்டது. ஒவ்வொரு நல்ல பயணமும் அந்த மரணத்தின் எடையில் கொஞ்சம் குறைத்தது. அவள் திருத்தம் கொடுத்த பதினாறாம் நாள், சாவு வீட்டில் காரியம் முடிந்து பந்தலைப் பிரிப்பது போல, ஊரின் மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

மங்களேஸ்வரி அதற்குள் புறப்பாட்டுப் புத்தகத்தைக் கவனிக்கும் வேலையை நயினாரிடம் கேட்டு வாங்கியிருந்தாள். காலையில் மேடை, பத்து மணிக்கு மேல் நூலகம். மூன்று கட்டங்களுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து நான்காவதாக ஒன்று வரைந்தாள்: ‘நேற்று வண்டி என்ன சொன்னது? யார் பார்த்தார்கள்?’ முதல் வாரம் அதில் வாக்கியங்கள் இருந்தன. பிறகு ‘பாத்தாச்சு’ என்று இருந்தது. பிறகு ஒரு டிக் குறி.

அன்று பதினேழாம் நாள். மேடையின் மேலே பெரிய பலகை ஒளிர்ந்தது. தமயந்தி முப்பத்தேழாம் எண்ணின் எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தாள்.

“காத்தாடி பெல்ட்டு தேஞ்சிருக்குன்னு சொல்லுதும்மா. இன்னைக்குப் போகல. மீரான்கனி மாமாகிட்ட விட்டுட்டு வாரேன்.”

“மருந்து?”

“நயினார் சார்ட்ட சொல்லிட்டேன். வேற வண்டில ஏத்துறாங்க.”

பாடம் எல்லா வண்டிகளுக்கும் பொதுவானாலும், ஒரு பொறிமனம் தன் ஓட்டுநரைப் பார்த்துத்தான் கடைசி முடிவை எடுக்கும். அந்த ஒரு வண்டிக்குள் மட்டும் அந்தச் சொல்லை யாரும் மறுபடி சொல்லவில்லை. அதனால் அது இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

தமயந்தியின் வண்டி பட்டறைப் பக்கம் திரும்பியதும் பலகையில் எண்கள் மாறின. நலம்: அறுபத்தொன்று. பழுது: ஒன்று.

வரிசையில் நின்ற சேதுராசு பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “என்னக்கா இது, ஊரு வண்டியெல்லாம் நல்லாருக்கு, ஒங்க வீட்டு வண்டிக்கு மட்டும் எப்பப் பாத்தாலும் சீக்கு!”

பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். மங்களேஸ்வரி கோபப்படவில்லை. அவர் எழுதி முடித்த வரியைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை அவர் பக்கமாகத் திருப்பி, மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்தாள்.

“சேதுராசு, இது யாரு பேரு?”

“எம் பொண்டாட்டி பேருதான், வள்ளிமயில். ஏன்க்கா?”

“‘வள்’னு மட்டும் எழுதிருக்க. முழுசா எழுது. நாந்தான் போய்ச் சொல்லணும்.”

சேதுராசு அவளைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பேனாவை வாங்கிக் குனிந்து, மனைவியின் பெயரை ஓர் எழுத்து விடாமல் நிதானமாக எழுதினார். சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை படித்தும் பார்த்தார்.

பிறகு போய்ப் பதினான்காம் எண் வண்டியில் ஏறினார்.